கத்தரி படாத துணி

ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டுக் கதவில் திரை இருக்காது. முதல் பூசைக்கு மணி அடிக்கும்போதே அது கழன்றுவிடும். அன்று பொழுதுபடும்வரை உள்ளே இருக்கும் மேசை, மாதா படம், அங்கிளின் சாய்மனைக் கதிரை எல்லாம் தெருவுக்குத் தெரியும். திங்கட்கிழமை பார்த்தால் பச்சை இலையும் சிவப்புப் பூவும் போட்ட அதே சீத்தைத் துணி, ஒன்றும் நடக்காத மாதிரி, கதவில் தொங்கிக்கொண்டிருக்கும். இடையில் அது அன்ரியின் கவுனாகிக் கோயிலுக்குப் போய், பூசை கண்டு, வழியில் நாலு பேருடன் கதைத்துவிட்டு வந்திருக்கும்.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருந்தது ஒரே கூரையின் கீழ் இரண்டாகப் பிரித்த வீடு. ஒரு பாதியில் அப்பா, அம்மா, நான். மறுபாதியில் அன்ரியும், துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த அவருடைய கணவரும். பிள்ளைகள் இல்லை. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண்களில் அரைவாசிப் பேர் கவுன் போடுகிறவர்கள். நானும் அம்மாவும் அந்த அரைவாசி. அம்மாவின் கவுன் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும். என்னுடையது அதற்கு மேலே நிற்கப் பார்க்கும், அம்மா இழுத்து விடுவார். அன்ரியின் கவுன் மட்டும் கணுக்காலைத் தாண்டித் தரையைக் கூட்டும். உயர்ந்த கழுத்து, தோளில் புடைத்த கை, இடுப்பைச் சுற்றிச் சுருக்குக்கு மேல் சுருக்கு. பழைய வெள்ளிக்காசில் இருக்கிற மகாராணி இறங்கி வந்து புளி வாங்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். எங்கள் அம்மம்மா காலத்தில்கூட அப்படி உடுத்தவர்கள் குறைவு என்று அம்மா சொல்வார்.

இவ்வளவுக்கும் அன்ரியிடம் இருந்தது மூன்றே மூன்று பெரிய துணிகள். ஒன்று கதவுத் திரை. இரண்டு கதவுக்குப் போதுமான துணியைச் சுருக்கி ஒரே கதவில் தொங்க விட்டிருந்தார். மற்றது கட்டில் விரிப்பு. மூன்றாவது, செத்த வீடுகளுக்கென்று வைத்திருந்த கறுப்பு. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு எப்படி விதம் விதமாகப் போட்டார் என்று கேட்டால், அவருக்குத் துணியை வெட்டும் பழக்கம் இல்லை என்பதுதான் விடை. வீட்டில் ஒரு கத்தரி இருந்தது. அதால் மீனின் செட்டை வெட்டுவார். துணியில் அதை வைக்க மாட்டார். அளவுக்கு மிஞ்சியதெல்லாம் உள்ளே மடிந்து போகும். அதனால் கக்கத்துக்குக் கீழே எப்போதும் ஒரு பொட்டலம் மாதிரிப் புடைத்துக்கொண்டிருக்கும். கழுத்துக்குக்கூட வெட்டுவதில்லை. துணியின் இரண்டு ஓரத்தையும் நடுவில் சேர்த்து, தலை நுழையுமிடத்தை மட்டும் தைக்காமல் விட்டுவிடுவார். எல்லாம் கைத் தையல். மெசின் வாங்கித் தரவா என்று அங்கிள் கேட்டபோது அவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"மெசின் தையல் சொன்னாக் கேக்காது. பிரிக்கப் போனாத் துணியையும் கடிச்சுக்கொண்டு வரும்."

அவருடைய ஒவ்வொரு கவுனிலும் வலப்பக்க இடுப்பில் ஒரு விரல் நீளத்துக்கு நூல் தொங்கும். அதைப் பிடித்து இழுத்தால் பாவாடைப் பக்கம் முழுவதும் கழன்று விழுந்துவிடும். கோயிலில் அவருக்குப் பின்னால் முழந்தாளிட்டு நிற்கும்போது அந்த நூல் என் கண்ணுக்கு முன்னால் ஆடும். பாதர் என்ன பிரசங்கம் பண்ணினார் என்று ஒரு நாளும் எனக்குத் தெரியாது. கை தானாக முன்னால் போய், அம்மா துடையில் நுள்ளித் திரும்பி வந்த நாள்கள் எத்தனையோ.

ஏன் வெட்டுவதில்லை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் வரும். அம்மாவுக்குச் சொன்னது, கட்டைக் கவுனைக் கண்டால் பாதர் முகம் சுளிக்கிறார் என்று. கிராண்ட்பாசிலிருந்து தோளில் மூட்டையோடு துணி கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி நானாவுக்குச் சொன்னது, தன் தாய் பழக்கியது இந்தத் தையல்தான் என்று. என்னிடம் ஒரு நாள், "வெட்டினாப் பிறகு அது அந்த ஒண்டுதான் மகள். வேற ஒண்டாக ஏலாது" என்றார். அங்கிளைக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"கலியாணம் கட்டின புதுசில ரங்கூனுக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லிப்போட்டன். பிரிச்சு மடிச்சா எல்லாம் ஒரு பெட்டிக்குள்ள அடங்குமெல்லே, அண்டைக்குத் தொடங்கினது."

"அது பொய்," என்றார் அன்ரி குசினிக்குள்ளிருந்து.

எது பொய், ரங்கூனா, பெட்டியா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு காரணம் வந்திருக்கும். அவருடன் கதைத்துவிட்டு வந்தால் எனக்கு எப்போதும் தலைக்குள் நூல் சிக்குப்பட்ட மாதிரித்தான் இருக்கும்.

ஒருமுறை கொச்சிக்கடைத் திருவிழாவில் சுற்றுப்பிரகாரம் போய்க்கொண்டிருந்தோம். நெரிசலில் யாரோ அன்ரியின் கவுன் விளிம்பை மிதித்துவிட்டார்கள். இடுப்புத் தையல் சரசரவென்று விட்டு, பூப்போட்ட சீத்தை முழுவதும் ரோட்டில் கிடந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அன்ரி பதறவில்லை. நின்ற நிலையில் துணியை உள்பாவாடைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றிச் செருகினார், மிச்சத்தைத் தோளில் எறிந்தார், "வா மகள், சுரூபம் முன்னால போகுது" என்று நடக்கத் தொடங்கினார். வீட்டுக்கு வந்த பிறகு முன்வீட்டுக்காரி அம்மாவிடம், "என்ன, உங்கட பக்கத்து வீட்டு ஆள் இண்டைக்குச் சேலை கட்டினவவோ?" என்று கேட்டாள்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் அம்மா, போயும் போயும், என் நிச்சயதார்த்தச் சேலையைக் கொடுத்தார்.

எனக்கு வெள்ளவத்தையில் ஒரு சம்பந்தம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தபால் கந்தோரில் வேலை. ஒரு சொந்தக்காரர் கலியாணத்தில் நான் அவரைக் கண்டிருந்தேன். கேக் தட்டைப் பிடித்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார், எனக்குப் பிடித்துக்கொண்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சிக்கல் அவருடைய தாய். அவர்களும் கத்தோலிக்க வேதக்காரர்தான், ஆனால் யாழ்ப்பாணத்து ஆட்கள். கவுன் போட்ட பெண் தங்கள் வீட்டுப் படியேற ஏலாது என்று தாய் சொல்லியனுப்பினார். சொன்னதோடு நிற்காமல் மாதுளம்பழ நிறத்தில் சரிகைக் கரை வைத்த பட்டுச் சேலை ஒன்றையும் அனுப்பி, நிச்சயதார்த்தத்துக்கு இதைத்தான் கட்டவேண்டும் என்றும் சொல்லிவிட்டார். சேலை பிழையாய்ப் போனால் சம்பந்தமும் பிழையாய்ப் போகும் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் விளங்கியது.

நான் எங்கள் கட்டில் விரிப்பை எடுத்துக்கொண்டு பின்வளவில் சேலை கட்டிப் பழகினேன். மூன்று அடி வைத்ததும் கொசுவம் கழன்று காலுக்குள் வந்து விழுத்திவிட்டது. அன்ரி குறுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்கு அன்ரி. இடுப்பில நிக்குதேயில்லை. இனி வாழ்நாள் முழுக்க இதுதானாம்."

"உனக்குக் கவுன் விருப்பமோ, சேலை விருப்பமோ?"

"எனக்குத் தெரியேல்லை."

"அப்ப நல்லது," என்றார். அதில் என்ன நல்லது என்று எனக்கு விளங்கவில்லை.

எங்கள் வீட்டில் சேலைக்கு ஜாக்கெட் தைக்கத் தெரிந்தவர் இல்லை. வெளியே கொடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. ஜாக்கெட்டுக்கான துண்டை அம்மாவே வெட்டியெடுத்து, சேலையையும் சேர்த்து அன்ரியிடம் கொடுத்தார். துண்டில் ஜாக்கெட், சேலையில் வெட்டின தலைப்பை மடித்து ஒரு தையல். அவ்வளவுதான் வேலை. கொடுத்துவிட்டு வந்து, "வெட்டுற வேலை ஒண்டும் இல்லைத்தானே, அழகாச் செய்வா" என்றார்.

நிச்சயதார்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மத்தியானம் அன்ரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தது ஒரு கவுன். அந்த மாதுளம்பழப் பட்டில், கழுத்து உயர்ந்து, கை முழங்கைவரை வந்து, இடுப்பிலிருந்து சுருக்குச் சுருக்காக விரிந்த கவுன். சரிகைக் கரை முழுவதும் கீழ் விளிம்பில் வட்டமாக ஓடியது. அம்மா கட்டிலில் இருந்துவிட்டார்.

"என்ர மாதாவே, என்ன வேலை பாத்து வச்சிருக்கிறீங்கள்?"

"ஜாக்கெட் தைக்கச் சொன்னீங்கள், தைச்சன். தலைப்பு மடிக்கச் சொன்னீங்கள், மடிச்சன். பிறகு கை நிக்கேல்லை."

"இது அவையள் தந்த சேலையெல்லோ!"

"சேலைதான். நான் ஒரு இடத்திலயும் கத்தரி வைக்கேல்லை. இந்தா, நூலை இழுத்தாச் சேலை. இழுக்காட்டிக் கவுன்." வலப்பக்க இடுப்பில் தொங்கிய நூலைக் காட்டிவிட்டு, கவுனைக் கட்டிலில் வைத்து, பலகாரத் தட்டுகளை அடுக்க உள்ளே போய்விட்டார்.

அம்மா நூலைப் பிடித்தார். "பொறுங்கோ," என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. "ஒருக்காப் போட்டுப் பாக்கிறன்."

போட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். என்னைப் பார்த்து எனக்கே ஒரு மரியாதை வந்தது. சந்தோஷமாக இருந்தது, அதே நேரம் மாப்பிள்ளையை இழக்கப் போகிறேன் என்று பயமாகவும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று நான் நிறுத்துப் பார்ப்பதற்குள் தெருவில் கார் வந்து நின்றது. வெள்ளவத்தைக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்னரே வந்துவிட்டார்கள். இப்போது நூலை இழுத்தால் சேலை என் காலடியில் கிடக்கும், கட்டிவிட வருகிறேன் என்ற முன்வீட்டுக்காரி இன்னும் வரவில்லை, வீட்டில் ஒருவருக்கும் கட்டத் தெரியாது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டு என்னை முன்னுக்குத் தள்ளினார்.

மாமி, அதாவது மாப்பிள்ளையின் தாய், என்னைக் கண்டதும் எழும்பி வந்தார். குனிந்து விளிம்பில் கரையைத் தொட்டார். என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இடுப்பில் அவருடைய விரல் ஊர்ந்து வந்து அந்த நூலில் நின்றது. மாப்பிள்ளை தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார், காதிரண்டும் சிவந்திருந்தன.

"வெட்டேல்லையோ?" என்று மாமி கேட்டார்.

குசினி வாசலில் தட்டோடு நின்ற அன்ரிதான் பதில் சொன்னார். "இல்லை. ஊசி மட்டும்தான் போயிருக்கு."

"ஏன் இப்பிடி?"

"பிள்ளைக்குச் சேலை வழுக்கும் எண்டு பயம். இது வழுக்காது."

நான் பயந்ததைச் சபையில் போட்டு உடைத்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. மாமி நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார். இழுக்கப் போகிறார் என்று பாவாடைச் சுருக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் விரலை மெல்ல விடுவித்துக்கொண்டு போய்க் கதிரையில் இருந்தார்.

"சரி. கலியாணம் முடிஞ்சு வீட்டை வரட்டும். நான் இழுக்கிறன்."

சம்பந்தம் குழம்பவில்லை. ஆனால் அந்தச் சொல் இணக்கமா, மிரட்டலா என்று அன்றிரவு அப்பாவும் அம்மாவும் வாதாடினார்கள். அன்ரி செய்தது கெடுக்கவா, காக்கவா என்று நான் எனக்குள் வாதாடினேன். குழப்பிவிட நினைத்திருந்தால் வெட்டியிருக்கலாமே. உதவ நினைத்திருந்தால் சொன்னபடி ஜாக்கெட்டை மட்டும் தைத்துத் தந்திருக்கலாமே. சுவருக்கு அந்தப் பக்கம் போய்க் கேட்டேன்.

"உனக்குத்தானே தெரியேல்லை எண்டனீ," என்றார். பிறகு, "பட்டுத் துணி தைச்சு எத்தினை காலம்," என்றும் சொன்னார். எந்தக் காரணத்தை நம்புவது?

கலியாணத்துக்குக் கோயிலில் வெள்ளைக் கவுன், முக்காடு. பின்னேரம் வெள்ளவத்தைக்குப் போகும்போது மாதுளம்பழக் கவுன். வெளிக்கிடும் நேரம் அன்ரி வந்து என் இடுப்புச் சுருக்கைச் சரிபார்த்தார்.

"நூலை எறிஞ்சு போடாத, என்ன? எப்ப வேணுமெண்டாலும் கொண்டு வா. திருப்பித் தைச்சுத் தாறன்."

மாமி சொன்ன சொல் தவறவில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு ஒரே இழுப்பு. பட்டு மெத்தென்று காலடியில் விழுந்தது. மேலே ஜாக்கெட், கீழே உள்பாவாடை, நடுவில் நான். மாமி சேலையை உதறி, கொசுவம் பிடித்து, வழுக்காமல் கட்டிவிட்டார். நல்ல கை. நான் அழுதேன். "ஏன் பிள்ளை, இறுக்கிப் போட்டனோ?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் நூலை ஒரு நெருப்புக்குச்சியில் சுற்றி என் கையில் வைத்தார்.

அதன் பிறகு சேலைதான். பழகிப்போயிற்று, வழுக்கவும் இல்லை. இவர் மட்டும் சில வேளை, "அண்டைக்கு நீர் பழைய காசு மாதிரி இருந்தனீர்" என்று பகிடி பண்ணுவார். கேட்கும்போது சிரிப்பேன், பிறகு அலுமாரியைத் திறந்து நெருப்புக்குச்சி இருக்கிறதா என்று பார்ப்பேன். திருப்பித் தைக்கலாம் என்ற ஒரு எண்ணம் உள்ளே இருந்தது. அது இருந்தபடியால்தான் வெள்ளவத்தையில் எனக்குக் கால் ஊன்றியது என்று இப்போது நினைக்கிறேன்.

சண்டைக் காலம் வந்தது. கப்பல்களுக்கு யப்பான்காரன் போடுகிற குண்டு வீடுகளிலும் விழும் என்று துறைமுகப் பக்கத்துச் சனம் வீடுகளைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டது. அப்பாவும் அம்மாவும் கிருலப்பனையில் சின்னையா வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தாங்கள் வெளிக்கிடும்போது அன்ரி வாசலில் நின்று கை காட்டினார் என்று அம்மா சொன்னார்.

நத்தார்ப் பண்டிகை கிட்ட வந்தபோது மாமி ஒரு நாள் தானாகக் கேட்டார். "அந்தக் கவுனை ஒருக்காத் திருப்பித் தைப்பிச்சுப் போடன், பாப்பம்."

"நீங்கள்தானே மாமி இழுத்தனீங்கள்."

"இழுத்தது நான்தான். அதுக்கென்ன?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மனிசியையும் அன்ரியையும் ஒரே களிமண்ணில் பிடித்தார்களோ என்று நினைத்துக்கொண்டேன். சேலை, ஜாக்கெட், நெருப்புக்குச்சி மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு, வந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

தெரு பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தது. தூரத்திலேயே கண்டேன், அன்ரி வீட்டுக் கதவில் பச்சை இலையும் சிவப்புப் பூவும். ஞாயிற்றுக்கிழமை திரை தொங்குகிறதென்றால் அன்ரி கோயிலுக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். கிட்டப் போனபோதுதான் அது திரை மாதிரி இல்லை என்று பட்டது. சுருக்கே இல்லை. கதவு அகலத்துக்கு மட்டமாக, தகடு மாதிரித் தொங்கியது. ஒரு பக்க ஓரம் மேலிருந்து கீழ்வரை நேராக வெட்டப்பட்டிருந்தது. கிழிந்ததில்லை, கத்தரியால் வெட்டியது. விலக்கிப் பார்த்தேன். கதவு சும்மா சாத்தியிருந்தது, தள்ளிப் பார்த்தால் உள்ளே மேசை இல்லை, மாதா படம் இல்லை, சாய்மனைக் கதிரை இல்லை.

கிராண்ட்பாஸ் நானா மூட்டையை இறக்கி வைத்துவிட்டு எதிர்ப்பக்கத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்தார்.

"எங்க நானா போனவை?"

"எனக்கிட்டச் சிலாபம் எண்டாங்க மகள். ரொட்டிக் கடையில நீர்கொழும்பு எண்டு சொல்லி ஈக்கிறாங்க. அவரு ரங்கூன் எண்டாரு, ரங்கூனுக்கு இப்ப ஆரு கப்பல் உடுறான்?"

"திரையை ஏன் வெட்டினவ?"

"நானும் கேட்டன். பொட்டி சின்னம், பாதிதான் அடங்கும் எண்டாங்க. பொறகு போகக்குள்ள, வெறுங்கதவ உட்டுட்டுப் போனா ஆளில்லாத ஊடு எண்டு தெரிஞ்சிரும், பாதியாச்சும் தொங்கட்டும் எண்டாங்க. எது மெய்யோ."

நான் அந்த வாசற்படியில் இருந்து அழுதேன். நானா மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். மடியில் சேலையும் ஜாக்கெட்டும் நூலும் இருந்தன. தைக்கத்தான் ஆளில்லை. வெட்டினால் அது அந்த ஒன்றுதான் என்று சொன்னவர் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார், இனி வரமாட்டார் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. திரையைக் கழற்றி மடிக்கும்போது அந்தத் தெளிவும் போயிற்று. வெட்டிய ஓரம் மடித்துத் தைக்கப்படாமல் இருந்தது. ஒரு ஓரத்தைப் பச்சையாக விட்டுவிட்டுப் போகிற ஆள் அன்ரி இல்லை. அவசரத்தில் விட்டாரா, வந்து தைப்போம் என்று விட்டாரா?

அவர்களைப் பற்றி அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. மாதுளம்பழச் சேலை சேலையாகவே நைந்து போயிற்று. பாதித் திரை என்னிடம் இருக்கிறது. அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் ஓரத்திலிருந்து ஒன்றிரண்டு இழை கழன்று கையோடு வரும், வருஷா வருஷம் அகலம் குறைந்துகொண்டு போகிறது. "ஒருக்கா மடிச்சுத் தைச்சுவிடும், இல்லாட்டி முழுக்கப் போயிடும்" என்று இவர் சொல்லிப் பார்த்தார். ஊசியில் நூல் கோத்துக்கொண்டு எத்தனையோ தரம் இருந்துவிட்டு எழும்பியிருக்கிறேன். அது அன்ரி விட்டுப்போன வேலை. அவர் வந்தால் தைக்கட்டும்.